விளக்கணையும் முன் ஒரு வரி

ஜொகூரின் தம்போயில் ஏறுகிறவர்கள் எல்லாரும் உட்கார்ந்து முடித்ததும் ஓட்டுநர் கமலநாதன் பஸ்ஸின் உள்விளக்கை அணைத்துவிடுவார். அப்போது விடிந்திருக்காது. பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில் இருக்கும் தொழிற்பேட்டைக்குப் போகிற பஸ் அது. ஏறுகிற ஒவ்வொருவரும் வீட்டில் பாதியில் விட்ட தூக்கத்தைக் கையோடு கொண்டுவருவார்கள். விளக்கு எரிந்தால் அது கலைந்துவிடும்.

லோஷினிக்கு மட்டும் இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. கல்யாணம் ஒரு வருடம்கூட நிற்காமல் முறிந்து அவள் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, பிள்ளைகளின் அறையில் ஒரு கட்டிலைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அங்கே எந்நேரமும் டிவியும் சண்டையும். வேலை இடத்திலோ பகல் முழுக்க உருப்பெருக்கியின் கீழே கான்டாக்ட் லென்ஸ்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கண்ணீர்த்துளியைச் சீவி எடுத்ததுபோல ஒன்றன்பின் ஒன்றாக வரும். கீறல் உண்டா இல்லையா என்று பார்த்து அனுப்பியபடி இருப்பாள். புத்தகம் படிக்க அவளுக்கென்று மிஞ்சியது இந்தப் பஸ் பயணம்தான். ஒருமுறை கைப்பேசி வெளிச்சத்தில் பக்கத்தைப் பிடித்துப் படித்தாள். பின்னாலிருந்து யாரோ, "அலமாக், கண்ணு கூசுது லா" என்றார்கள். அதோடு விட்டுவிட்டாள்.

ஒரு திங்கட்கிழமை, புதிதாக வாங்கிய நாவலைப் பிரித்து முதல் வரியை முடிக்கும்போதே இருட்டிவிட்டது.

"அச்சோ" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

பக்கத்து இருக்கையில் இருந்தவர் லூசி. ஐம்பதைத் தாண்டியவர். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கும் ஆலையில் வேலை. சொந்த ஊர் பெக்கோக். அவருடைய கணவர் லாரி விபத்தில் இறந்து பல வருடங்களாகிறது என்பதைப் பஸ்ஸில் எல்லாரும் அறிந்திருந்தார்கள். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. மாதக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்தும் அவரும் லோஷினியும் தலையசைத்துக்கொள்வதோடு சரி.

"என்னம்மா, எதையாச்சும் வீட்ல வுட்டுட்டு வந்துட்டியா?" என்றார் லூசி.

"இல்ல ஆன்ட்டி. இப்பத்தான் ஒரு வரி படிச்சேன். லைட்ட அடைச்சிட்டாரு."

"என்ன வரி?"

இருட்டில் அந்த வரி இன்னும் கண்ணுக்குள் நின்றது. லோஷினி மெதுவாகச் சொன்னாள்.

"ஆற்றின் அக்கரையில் யாரோ விளக்கேற்றியபோதுதான், இக்கரையில் இருந்த நாகரத்தினத்துக்குத் தான் இன்னும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது."

லூசி இருக்கையில் சாய்ந்துகொண்டார். தூங்கிவிட்டார் என்று லோஷினி நினைத்தாள். அவளும் கண்ணை மூடினாள். பஸ் நகரத்துக்குள் இறங்கியது, குடிநுழைவுச் சோதனையில் எல்லாரும் இறங்கி ஏறினார்கள், மறுபடி பாலத்தின் நெரிசலில் பஸ் ஊர்ந்தது. சிங்கப்பூர்க் கரையில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியின் படிக்கட்டில் ஏறும்போது லூசி அவள் கையைத் தொட்டார்.

"நான் அந்தப் பொண்ணப் பாத்தேன்மா."

"எந்தப் பொண்ணு?"

"நாகரத்தினம். பச்சை சேலை கட்டியிருந்தா. ஆத்துத் தண்ணி கறுப்பா, எண்ண மாதிரி இருந்துச்சு. அக்கரைல ஒரு ஆளு மீனு சுட்டுக்கிட்டு இருந்தாரு. வாசம் இங்க வரைக்கும் வந்துச்சு. நான் முழிச்சிட்டேன்."

லோஷினிக்குச் சிலிர்த்தது. ஏனென்றால் அவளும் தூக்கத்தில் ஓர் ஆற்றைத்தான் பார்த்திருந்தாள். ஆனால் அவளுடைய ஆற்றில் ஆளே இல்லை.

மறுநாள் லூசி முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். "புத்தகத்த எடு. அதே வரியப் படி. அடுத்த வரிய மட்டும் சொல்லிடாத" என்றார். கமலநாதன் விளக்கின் விசையில் கை வைத்தபடி கண்ணாடியில் பார்த்தார். "அண்ணே, ஒரே ஒரு வரி" என்று லோஷினி கெஞ்சினாள். அவர் காத்திருந்தார். வரி முடிந்ததும் இருட்டானது. அந்த வாரம் முழுக்க நாகரத்தினம் லூசியின் தூக்கத்தில் நடமாடினாள். ஒருநாள் படித்துறையில் காலை நனைத்தாள். ஒருநாள் ஆற்றோரமாகவே நடந்து நடந்து, ஆறு ஓர் ஓடையாக மெலிகிற இடத்துக்கு வந்துவிட்டாள். லூசி ஒவ்வொன்றையும் படிக்கட்டில் மூச்சு வாங்கியபடி சொல்வார். லோஷினி அந்த நாவலில் இரண்டாம் வரிக்குப் போகவே இல்லை. போகத் தோன்றவில்லை. லூசியின் தூக்கத்தில் கதை நன்றாகவே நடந்துகொண்டிருந்தது.

பிறகு மற்றப் புத்தகங்களும் வந்தன. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தங்களிடம் இருந்ததைக் கொண்டுவந்தார்கள். "அந்த வருடம் மழை எங்கள் ஊருக்கு வர மறந்து, பக்கத்து ஊரில் இரண்டு முறை பெய்தது." அன்று பஸ்ஸில் பாதிப் பேர் நனைந்த கனவோடு எழுந்தார்கள். "கடிகாரக்காரர் வீட்டில் எல்லாக் கடிகாரமும் நின்ற நாளில்தான் அவருடைய மகள் பேசத் தொடங்கினாள்." அதற்கு ஓட்டுநர் இருக்கையிலிருந்து கமலநாதன், "நல்லா இருக்கே" என்றார். அன்று விளக்கை அணைக்கவே மறந்துவிட்டார். யாரோ ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

இரண்டு வரிசை பின்னால் உட்காருகிற மதிவாணன் ஒரு மலாய்ப் புத்தகத்தோடு வந்தான். லாயாங் லாயாங் என்ற ஊரிலிருந்து வந்து தம்போயில் அறை எடுத்துத் தங்கியிருந்தவன். உறைந்த இறாலை அடுக்கும் குளிர்கிடங்கில் வேலை என்பதால் எந்த வெயிலிலும் கையில் ஒரு கனத்த ஜாக்கெட்டோடு அலைவான். மலாயில் ஒருமுறை படித்துவிட்டு, தமிழில் சொன்னான்: "என் அப்பா கடலை வாடகைக்கு எடுத்திருக்கிறார் என்றே சிறு வயதில் நம்பிக்கொண்டிருந்தேன்." பஸ் முழுக்க ஒரு பெருமூச்சு போனது.

ஆனால் மதிவாணனால் முதல் வரியோடு நிற்க முடியாது. எடுத்த புத்தகத்தை முடிக்காமல் வைக்க மாட்டான். "முதல் வரியோட நிப்பாட்டுறது, கடை வாசல்ல நின்னு பிரியாணி வாசம் புடிச்சிட்டு வூட்டுக்குப் போற மாதிரி இருக்கு" என்பான்.

"எனக்கு வாசம் போதும் தம்பி" என்பார் லூசி.

"ஏன்க்கா அப்படி?"

லூசி சொன்னார். "முதல் வரியில யாருக்கும் ஒண்ணும் ஆயிருக்காது பாரு. எல்லாரும் இருப்பாங்க. அதுக்கப்புறந்தான் ஒண்ணொண்ணா வரும்."

நாகரத்தினத்தின் நாவலை மதிவாணன் ஒரு வெள்ளிக்கிழமை லோஷினியிடம் இரவல் வாங்கிப் போனான். திங்கட்கிழமை விடிகாலையில் கண்கள் சிவந்து பஸ்ஸில் ஏறினான். இரண்டு நாளில் முடித்திருந்தான். மனம் நிரம்பி வழிந்தவன் மாதிரி இருந்தான். லூசியின் இருக்கைக்கு அருகே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவன், யோசிக்காமல் சொல்லிவிட்டான்.

"அக்கா, உங்க நாகரத்தினம் கடைசியில செத்துப் போயிடுறாக்கா. நான் அழுதுட்டேன்."

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. லூசியின் முகத்தை எல்லாரும் பார்த்தார்கள். கோபம் இல்லை. மடித்த விரிப்பு மாதிரி அந்த முகம் மூடிக்கொண்டது. அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்து, முன்னால் போய் ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த காலி இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்.

"உங்கள யாரு கேட்டா?" என்றாள் லோஷினி.

"நான்... நல்லா இருந்துச்சேன்னு..."

"போய் உக்காருங்க மதி."

அதற்குப் பிறகு லூசி முன் இருக்கையிலேயே தங்கிவிட்டார். லோஷினி போய்ப் பேசினால் பதில் சொல்வார். சாப்பிட்டியா என்று கேட்பார். ஆனால் கனவு எதையும் சொல்வதில்லை. பஸ்ஸில் யாரும் புத்தகம் எடுக்கவில்லை. முதல் சில நாட்கள் கமலநாதன் விசையில் கையை வைத்துக்கொண்டு, "இன்னிக்கு வரி இல்லையா?" என்று கேட்டார். பதில் வராததால் பிறகு கேட்பதை விட்டுவிட்டார். எல்லாரும் உட்கார்ந்ததும் விளக்கு அணைந்தது. லோஷினி தூங்கினாள். அது வெறும் தூக்கமாக இருந்தது. உள்ளே ஆறும் இல்லை, மழையும் இல்லை.

ஹரி ராயா நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாள் மாலை. சிங்கப்பூரில் வேலை செய்கிற ஜொகூர்க்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பியது மாதிரி இருந்தது. உட்லண்ட்ஸைத் தாண்டிப் பாலத்தில் ஏறிய பஸ் அங்கேயே நின்றுவிட்டது. மோட்டார்சைக்கிள்கள் மட்டும் இடுக்குகளில் புகுந்து போயின. வண்டிகளிலிருந்து இறங்கி ஆட்கள் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். பெருநாள் பலகாரப் பைகளோடு குடும்பம் குடும்பமாக, பாலத்தின் ஓரமாக ஒரு நீண்ட வரிசை.

கமலநாதன் கதவைத் திறந்தார். "இது இப்ப நகராது. நடக்க முடிஞ்சவங்க நடங்க. நான் எப்ப வருவேனோ."

முதலில் இறங்கியது லூசி. அவருக்கு வலது முட்டி சரியில்லை என்பது லோஷினிக்குத் தெரியும். படிக்கட்டில் எத்தனை நாள் அவர் கையைப் பிடித்திருக்கிறாள். அவளும் பின்னாலேயே இறங்கி ஓடினாள். திரும்பிப் பார்த்தபோது, மதிவாணன் ஜாக்கெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கொஞ்சம் தள்ளி, தயங்கித் தயங்கி வந்துகொண்டிருந்தான்.

இடது பக்கம் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. பாலத்தோடு கூடவே போகிற பெரிய தண்ணீர்க் குழாய்களின் முதுகு செம்பாக மின்னியது. அதற்கப்பால் கடல் அசையாமல் கிடந்தது. வண்டிகள் ஒவ்வொன்றாக எஞ்சினை நிறுத்தியதில், அத்தனை பேர் நடந்தும் ஓர் அமைதி இருந்தது. செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. லோஷினிக்கு நடப்பது நிஜமா என்று ஒரு கணம் சந்தேகமாக இருந்தது. தினமும் தூங்கிக்கொண்டே கடந்த இடம் அது. அதன் மேல் விழித்துக்கொண்டு நடப்பது, கனவின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி இருந்தது.

பாதி தூரத்தில் லூசி நின்றார். முட்டியைப் பிடித்துக்கொண்டு ஓரத்துத் திட்டில் உட்கார்ந்தார். மதிவாணன் வந்து, ஜாக்கெட்டை மடித்துக் கொடுத்தான். அவர் அதை வாங்கிக் கீழே போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"அக்கா, அன்னிக்கு நான் பேசுனது தப்பு" என்றான்.

லூசி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மலாய்க் குடும்பம் அவர்களைத் தாண்டிப் போனது. கடைசியாகப் போன சிறுமி திரும்பிப் பார்த்துக் கையாட்டினாள். லூசியும் கையாட்டினார். பிறகு கேட்டார்:

"எந்தப் பக்கத்துல?"

"என்னக்கா?"

"எந்தப் பக்கத்துல செத்துப் போறா?"

மதிவாணன் பையைத் திறந்தான். நாவல் அதில்தான் இருந்தது. லோஷினியிடம் திருப்பிக் கொடுக்கத் தைரியம் வராமல் தினமும் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறான். பின்னாலிருந்து புரட்டினான்.

"முன்னூத்தி எழுபத்தொண்ணுல."

"புத்தகம் மொத்தம் எத்தன பக்கம்?"

"முன்னூத்தி எழுபத்தி ரெண்டு."

லூசி அவனை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் முதலில் இருந்தது நிச்சயமாகக் கோபம்தான்.

"அடப்பாவி. முன்னூத்தி எழுபது பக்கம் உசுரோட இருந்திருக்கா. நீ அத வுட்டுட்டு ஒரு பக்கத்த மட்டும் வந்து சொல்றியே லா!"

லோஷினிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். அதற்குள் லூசியே சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"அக்கரைக்குப் போனாளா?" என்று கேட்டார்.

"போனாக்கா. ரெண்டாவது பக்கத்துலயே போயிடுறா."

"சாப்பிட்டாளா?"

"நல்லா சாப்பிட்டா. மரவள்ளிக் கிழங்கும் கருவாடும். அந்த ஆளு போதும்னு சொல்ற வரைக்கும் சாப்பிட்டா."

"அவரு மீனுல்ல சுட்டாரு."

"புத்தகத்துல கருவாடுக்கா."

"சரி, பரவால்ல." லூசி லோஷினியின் தோளைப் பிடித்து எழுந்தார். "படி. நடந்துக்கிட்டே படி."

மதிவாணன் படிக்கத் தொடங்கினான். முதல் வரியைச் சொன்னான். எல்லாருக்கும் மனப்பாடமான வரி. பிறகு ஒரு கணம் நிறுத்தினான். லூசி தலையசைத்தார். அவன் இரண்டாம் வரிக்குப் போனான்.

"அடுப்பில் சோறு இருந்தது, ஒற்றை ஆளாக உட்கார்ந்து அதை உண்ணத்தான் அவளால் முடியவில்லை."

"ம்" என்றார் லூசி.

"அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஓடக்காரனைக் கூப்பிடாமல், தண்ணீருக்குள் இறங்கினாள்."

"நீந்தியா போறா?"

"கேளுங்கக்கா."

அவர்கள் நடந்தார்கள். அவன் குரல் கம்மியபோது லோஷினி வாங்கிப் படித்தாள். வெளிச்சம் குறைய எழுத்துகள் மங்கின. அவள் புத்தகத்தை மேற்கே சாய்த்து, மிச்சமிருந்த செந்நிறத்தில் பிடித்துக்கொண்டாள். நாகரத்தினம் நீந்தினாள். ஆறு அவள் நினைத்ததைவிட அகலமாக இருந்தது, நடுவில் வெதுவெதுப்பாக இருந்தது. லோஷினி வாசித்தபடியே கண்ணை உயர்த்தியபோது எதிரே ஜொகூர் பாருவின் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கத்திலிருந்து பள்ளிவாசல்களின் பெருநாள் தக்பீர் முழக்கம் காற்றில் மிதந்து வந்தது. எது புத்தகத்தின் கரை, எது தன் கரை என்று அவளுக்குக் கொஞ்ச நேரம் பிரித்துப் பார்க்க முடியவில்லை. முன்னால் நடந்த ஒரு தமிழ்த் தம்பதி நடையைத் தளர்த்தி இவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். அவர்களும் கேட்டுக்கொண்டு வந்தார்கள். யாரும் யாரையும் எதுவும் விசாரிக்கவில்லை.

அத்தியாயம் முடிந்த இடத்தில் லூசி திடீரென்று சொன்னார்:

"எங்க வூட்டுக்காரருக்குக் கோழின்னா பயம்."

லோஷினி புத்தகத்தை மூடினாள்.

"சந்தனசாமின்னு பேரு. ஆறடி ஆளு. செம்பனைக் குலை ஏத்துற லாரி ஓட்டுவாரு. கோழி குறுக்க வந்தா நிப்பாட்டிட்டு, அது போற வரைக்கும் இறங்க மாட்டாரு. பெக்கோக்ல எல்லாருக்கும் தெரியும். வேணும்னே புடிச்சிட்டு வந்து லாரிகிட்ட வுடுவானுங்க."

மதிவாணன் சிரிக்கலாமா என்று தெரியாமல் அவரைப் பார்த்தான்.

"சிரிச்சுக்கப்பா. கோயில்ல பாட்டுப் பாடுற கூட்டத்துல வேற போய் நிப்பாரு. ஃபாதரு கூப்பிட்டு, 'சந்தனசாமி, நீ வாய மட்டும் அசை, கர்த்தருக்குக் கேக்கும்'னு சொல்லிட்டாரு. மனுசன் அதுக்கும் சந்தோசமா அசைச்சிக்கிட்டு நின்னாரு. கல்யாணமான மறுநாளு என்ன அருவிக்குக் கூட்டிட்டுப் போயி, புது சப்பாத்தோட வழுக்கித் தண்ணிக்குள்ள வுழுந்தாரு. ஒரு சப்பாத்து போயிடுச்சு. திரும்பி வர்றப்ப ஒத்தக் காலு சப்பாத்தோட, துரை மாதிரி நடந்து வந்தாரு."

குடிநுழைவைத் தாண்டியும் அவர் பேசிக்கொண்டே இருந்தார். வரிசையில் நிற்கும்போது பேசினார், கைப்பேசியில் QR குறியீட்டைக் காட்டிக் கடக்கும்போது மட்டும் நிறுத்தி, மறுபக்கம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மூவரும் ஒரு கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிட்டார்கள். லூசி இரண்டு சாப்பிட்டார். தம்போய்க்கு ஒரு வாடகைக் காரைப் பிடித்து ஏறியபோது லோஷினிக்குக் கால் இரண்டும் மிதந்தன. அவள் கண்ணாடியில் தலை சாய்த்தாள். பாதி விழிப்பும் பாதி உறக்கமுமாக, ஒரு செம்மண் பாதையில் ஒற்றைச் சப்பாத்தோடு ஓர் உயரமான மனிதர் நடந்து போவதைப் பார்த்தாள். அவர் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பாதையோரத்தில் ஒரு கோழி நின்றது. அவர் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்.

தூரத்திலிருந்து மதிவாணனின் குரல் கேட்டது. "அப்புறம்கா?"

ராயா விடுமுறை முடிந்து பஸ் மறுபடி ஓடத் தொடங்கியபோது, லூசி லோஷினியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். விடிகாலை வரிகள் மறுபடி தொடங்கின. கமலநாதனே ஒருநாள் மனைவியின் பழைய புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பள்ளிப் பிள்ளை மாதிரி எழுந்து நின்று படித்தார். வேலை நாட்களில் லோஷினி மதிய இடைவேளையில் முழுப் புத்தகங்களைப் படிக்க ஆரம்பித்திருந்தாள். தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையின் சத்தம் முன்பு போல அவளைத் தொந்தரவு செய்யவில்லை. சில சமயம் எதிர் நாற்காலியில் மதிவாணனும் இருப்பான். குளிர்கிடங்கு மூன்று கட்டடம் தள்ளி என்றாலும் அவன் வருவான். முடிவைச் சொல்லிவிடாதே என்று அவள் மிரட்டுவாள். அவன் உதட்டைக் கையால் பொத்திக்கொள்வான்.

நாகரத்தினத்தின் நாவல் லூசியிடம் போய்விட்டது. வீட்டில் வைத்துத் தனியாகப் படிக்கிறார் என்று தெரியும். அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. மழைக்காலம் வந்தது, தீபாவளி போனது, கிறிஸ்துமஸும் நெருங்கியது. ஒரு காலையில் பொறுக்க முடியாமல் மதிவாணன் கேட்டுவிட்டான்.

"அக்கா, எது வரைக்கும் வந்திருக்கீங்க? ஒரு புத்தகத்துக்கு இவ்வளவு நாளா?"

லூசி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"அவளுக்கு இப்பத்தான் முப்பது வயசாவுது. சும்மா அவசரப்படுத்தாத தம்பி" என்றார்.